அணைந்து அணைந்து சொன்ன நெருப்பு

புதுமை, அதாவது கடவுள் செய்கிற அற்புதம், என்ற சொல்லை நான் விளையாட்டாக எடுப்பவன் அல்ல. காலையில் சிலுவை அடையாளம் போடாமல் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் மாசி மாத மெழுகுதிரித் திருநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, அன்ரன் குடும்பத்துக்காக வைத்த எங்கள் தமிழ் நன்றிப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் தேநீரும் கையுமாக நின்றபோது, அன்ரன் வீட்டில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு "மாதாவின்ர புதுமை" என்று கதைத்ததைக் கேட்டு எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"சூசை அண்ணை, நீங்களும் அண்டைக்கு அங்கைதானே நிண்டனீங்கள்? கண்ணால கண்ட சாட்சி. பங்கு மலருக்கு எழுதித் தாருங்கோவன். உங்கட வேலை அனுபவத்தையும் சேர்த்து எழுதுங்கோ," என்று மலர்க்குழுவில் இருக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

"எழுதுறன் பிள்ளை. ஆனா புதுமை எண்டு எழுத மாட்டன்."

"பிறகு என்னெண்டு எழுதுவியள்?"

"யன்னல் எண்டு எழுதுவன்."

அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். கிழவனுக்கு ஏதோ கோபம் என்று நினைத்திருப்பாள். கோபம்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை கண்டால் திருத்திப் போடுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்த கதை உங்கள் எல்லோருடைய கதைதான். அகதி முகாம், பிறகு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவல், பிறகு ஆஹென் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொம்பனியில் எடுபிடி வேலை. வீடுகளுக்கு ஹைற்சுங் என்கிற சூடாக்கும் கருவி பூட்டுவது, காஸ் குழாய் இழுப்பது, பழைய அடுப்புகளைத் திருத்துவது என்று மூன்றும் செய்கிற கொம்பனி. குழாய் சுமக்கப் போனவன் அங்கேயே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, இரண்டு தரம் சோதனையில் தவறி, மூன்றாந்தரம் பாஸ் பண்ணி, பென்ஷன் எடுக்கும்வரை அங்கேயே நின்றேன். அதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது எங்கள் தலைமைத் தொழிலாளியான மைஸ்ரரைப் பற்றி.

மைஸ்ரரின் பெயர் வில்ம்ஸ். உயரமான மனிதன், கதை குறைவு. கோவிலுக்குப் போகிறவர் அல்ல. ஆனால் ஒரு வேலை முடிந்ததும் அவர் செய்கிற ஒரு காரியம் எனக்கு எப்போதும் செபத்தைத்தான் நினைவூட்டும். வீட்டுக்காரரிடம் ஒரு கதிரை கேட்பார். அந்த அறையின் கதவு, யன்னல் எல்லாவற்றையும் மூடச் சொல்வார். குசினியில் அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சுகிற பெட்டி இருக்கிறதல்லவா, நாங்கள் அப்சூக் என்போமே, அதை ஆகக் கூடிய வேகத்தில் போடச் சொல்வார். பிறகு நாங்கள் பூட்டிய நெருப்பை மூட்டிவிட்டு, கதிரையில் உட்காருவார். சும்மா உட்காருவார். பையிலிருந்து நீட்டுப் பிடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து, அடுப்பு வாயின் மேல் விளிம்பில் பிடிப்பார். மேலே போக வேண்டிய புகை அறைக்குள் திரும்பி வந்தால் அந்தக் கண்ணாடியில் பனி படியும். மூட்டிய புதிதில் கொஞ்சம் படியும். புகைபோக்கி சூடாக அது மறைய வேண்டும். மறைந்தது மறைந்ததாகவே இருக்கவும் வேண்டும். வீட்டுக்காரர் கோப்பி கொண்டு வந்து வைப்பார்கள். கோப்பி ஆறிப்போகும். அவர் எழும்ப மாட்டார்.

"எல்லாம் சரிதானே, போவோமே?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன்.

"இந்த வீட்டில் ஆட்கள் இருந்து பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்கு முதல் நான் இருந்து பார்க்கிறேன்," என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னொரு நாள் ஆஹெனில் மாணவர்கள் இருக்கிற ஒரு மாடி வீட்டுக்குப் போனோம். இந்தியாவில் இருந்து எஞ்சினியரிங் படிக்க வந்த தமிழ்ப் பெடியன். குளியலறையில் தண்ணீர் சூடாக்குகிற பழைய காஸ் பெட்டி. அது மூச்சு விடுவதற்காகக் கதவின் கீழே ஒரு காற்றுத்துவாரம் வைத்திருந்தார்கள். பெடியன் அதற்குத் தடித்த பிளாஸ்ரர் ஒட்டி அடைத்திருந்தான்.

"அங்கிள், ரொம்ப கோல்டா இருந்துச்சு. குளிக்கும்போது கால்ல காத்து அடிச்சுக்கிட்டே இருக்கு. அதான் சும்மா ஒரு டேப் போட்டேன்," என்றான்.

நான் அதை மொழிபெயர்த்தேன். மைஸ்ரர் முழங்காலில் நின்று பிளாஸ்ரரை உரித்தெடுத்தார். எழும்பி, "இவனுடைய தாயின் தொலைபேசி இலக்கம் என்ன என்று கேள்," என்றார்.

"அம்மா நம்பரா? எதுக்கு அங்கிள்?" என்று பெடியன் முழித்தான்.

"இவன் இதில் செத்துப்போனால் யாரோ ஒருவர் அவவுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டி வரும். எந்த இலக்கம் என்று முதலே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்," என்றார் மைஸ்ரர். நான் அதையும் மொழிபெயர்த்தேன். பெடியனின் முகம் வெளிறிப்போனது.

இனி விறகு அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பழைய வீடுகளில் ஹோல் சுவரோடு சேர்த்துக் கட்டிய விறகு அடுப்பு இருக்கும். கமீன் என்பார்கள். எங்கள் ஆட்களும் இப்போது வீடு வாங்குகிறார்கள், நல்ல விஷயம். வாங்கின வீட்டில் கமீன் இருந்தால் முதலில் சந்தோசம். ஒரு குளிர்காலம் விறகு தூக்கிச் சாம்பல் அள்ளிய பிறகு பஞ்சி வந்துவிடும். அப்போதுதான் காஸ் நெருப்பு நினைவுக்கு வரும். சுட்ட மண்ணில் செய்த கட்டைகளை அடுக்கி, அவற்றின் இடுக்கால் காஸ் எரியவிடுவது. பார்த்தால் அசல் விறகு எரிவது மாதிரியே இருக்கும். கையில் ரிமோட். சாம்பல் இல்லை.

அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். விறகு எங்களை ஏமாற்றாது. புகை திரும்பினால் கண் எரியும், இருமல் வரும், எழும்பி ஓடுவோம். காஸ் அப்படியல்ல. எரியாத காஸுக்கென்றாலும் மணம் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். எரிந்த பிறகு அதில் வருகிற நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மரியாதையாக வந்து, தலையை இலேசாக வலிக்கப் பண்ணி, நித்திரையாக்கி, ஆளைக் கொண்டு போய்விடும்.

அதனால்தான் வில்ம்ஸ் மைஸ்ரர் ஒரு கல்லைத் தொடுவதற்கு முதல் புகைபோக்கிக்காரியைக் கூப்பிடுவார். பிறவ் கெஸ்லர் என்று பெயர். கறுப்பு உடுப்போடு வந்து புகைபோக்கிகளைச் சோதித்து, இது எரியலாம், இது எரியக் கூடாது என்று சட்டப்படி சொல்கிற மனுசி. அவ மேலிருந்து கமெரா இறக்கிப் பார்ப்பா. வருடக்கணக்காக ஒட்டிய விறகுத் தாரைச் சுரண்டி எடுக்க வேண்டும். புகைபோக்கி அகலம் என்றால் உள்ளே துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்க வேண்டும். அடுத்தது, புகைபோக்கியின் கழுத்தில் இருக்கிற இரும்புத் தட்டு. விறகு எரிக்காத நேரம் குளிர் வராமல் மூடுவதற்கு வைத்தது. காஸுக்கு அது எமன். மறந்துபோய் மூடிக் கிடந்தால் புகை முழுக்க வீட்டுக்குள்தான். மைஸ்ரர் அந்தத் தட்டைத் திறந்து வைத்துவிட்டு வரமாட்டார். கழற்றி, எங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். எங்கள் பட்டறைக்குப் பின்னால் அந்தத் தட்டுகள் குவிந்து கிடந்தன. "வீட்டில் இருந்தால் யாராவது ஒருநாள் திரும்பப் பூட்டுவான்," என்பார்.

குழாய் இழுத்த பிறகு காற்று அடைத்து அமுக்கம் பார்ப்போம். மானியின் முள் அசையாமல் நின்றாலும் மைஸ்ரருக்குப் போதாது. ஒவ்வொரு பொருத்துக்கும் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். பிறகு கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் அதற்கென்று ஒரு முளை உண்டு. விரல் அளவு தள்ளி வைத்தாலும் சுவாலை கட்டையில் முட்டி, கரி பிடித்து, நஞ்சைக் கக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அந்தக் கதிரையும் கண்ணாடியும்.

அன்ரன் வீட்டு வேலை, நான் பென்ஷன் எடுத்த வருடத்துக் கோடையில் வந்தது. அன்ரன் பாண் தொழிற்சாலையில் வேலை. நல்ல உழைப்பாளி. மனைவி மெற்றில்டா. அவளுடைய தகப்பன் பிலிப்பு ஐயாவும் அவர்களோடுதான். ஊரில் கோவில் மூப்பராக இருந்தவர். எந்தச் செபமும் புத்தகம் பார்க்காமல் சொல்வார். ஆனால் மற்றவர்கள் செபம் சொல்லத் தொடங்கினால் கதிரையில் நித்திரையாகிவிடுவார். அது எங்கள் பங்கு முழுக்கத் தெரிந்த பகிடி.

மைஸ்ரர் முதலில் சொன்னது, முன்னுக்குக் கண்ணாடி போட்டு அடைத்த நெருப்பை வைக்கும்படிதான். அது எரிவதற்கு வேண்டிய காற்றைத் தன்னுடைய குழாயால் வெளியிலிருந்து எடுக்கும். அறைக் காற்றோடு அதற்குத் தொடர்பில்லை.

அன்ரனுக்குப் பிடிக்கவில்லை. "கண்ணாடிக்குப் பின்னால நெருப்பை வைச்சா அது ரீவி தானே அண்ணை. எனக்குத் திறந்த நெருப்பு வேணும். பிள்ளையள் முன்னால இருந்து குளிர் காய வேணும்."

திறந்த நெருப்பு என்றால் அது அறைக் காற்றைத்தான் குடிக்கும். புகைபோக்கி மெல்ல மேலே இழுக்கும். குசினி அப்சூக்கோ முரடன். யன்னல் எல்லாம் பூட்டியிருக்க அதைப் போட்டால், வெளிக்காற்று வேறு வழி இல்லாமல் புகைபோக்கியால் கீழே இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு. ஆகவே பிறவ் கெஸ்லர் ஒரு நிபந்தனை வைத்தா. குசினி யன்னல் திறந்திருந்தால் மட்டும் அப்சூக் வேலை செய்ய வேண்டும். அதற்கு ஒரு சாமான் உண்டு. யன்னல் கதவில் ஒரு சின்ன வெள்ளைக் காந்தம், சட்டத்தில் அதற்கு நேரே ஒரு சுவிச். யன்னலை மூடினால் காந்தம் சுவிச்சுக்குக் கிட்ட வரும், அப்சூக் நின்றுவிடும். யன்னலைத் திறந்தால்தான் ஓடும். நானே பூட்டினேன். இதைவிட, புகை திரும்பினால் நெருப்பைத் தானாக அணைக்கிற ஒரு உணரியும் அடுப்பிலேயே இருந்தது. நஞ்சு கூடினால் கத்துகிற அலாம் ஒன்றும் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் வைத்தோம். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

மெற்றில்டாவின் முகம் மட்டும் சரியில்லை. நான் திருகாணியை முடுக்கிக்கொண்டு நிற்கப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யன்னலைத் திறந்தாத்தான் இது ஓடுமெண்டா, பிறகு அப்சூக் என்னத்துக்கு அண்ணை? கூரைக்கு மேலால மணத்தை அனுப்பத்தானே அதை வாங்கினது?"

"மணம் போனாப் போகட்டும் பிள்ளை."

"உங்களுக்கென்ன, சொல்லுவியள். பக்கத்து வீட்டு மனுசி நாங்கள் வந்த முதல் கிழமையே எனக்கு முன்னால மூக்கைப் பொத்திக் காட்டினவ. பிள்ளையளும் பார்த்துக்கொண்டு நிண்டதுகள்."

எனக்கு அது தெரியாத நோவு அல்ல. எங்கள் வீட்டிலும் மேல்மாடிக்காரர் விடுமுறையில் போன பிறகுதான் கருவாடு பொரித்தோம். எத்தனை வருடம் இந்த நாட்டில் யன்னலைப் பூட்டிக்கொண்டு சமைத்திருக்கிறோம்! எங்கள் சாப்பாட்டை நாங்களே களவு மாதிரிச் சமைத்தோம். அதனால் அவளைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. "சமைக்கிற நேரம் கொஞ்சமாய் சரிச்சுத் திறந்து விடு. மிச்சத்தை அப்சூக் பார்த்துக்கொள்ளும்," என்று விளக்கமாகச் சொல்லி, அன்ரனையும் கூப்பிட்டு அவனுக்கும் செய்து காட்டினேன். இருவரும் தலையாட்டினார்கள். மைஸ்ரர் கதிரையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடித்தார். பனி படிந்தது, மறைந்தது, திரும்ப வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் எங்கள் செபமாலைக் குழு வீடு வீடாகப் போகும். ஒரு மாலை அன்ரன் வீடு. ஹோல் நிறையச் சனம். கமீனில் நெருப்பு எரிகிறது. அதற்குக் கிட்டச் சாய்மனைக் கதிரையில் பிலிப்பு ஐயா. குசினிக் கதவு திறந்திருக்கிறது, மெற்றில்டா றோல்ஸ் பொரிக்கிறாள், அப்சூக் இரைகிறது. நான் போய் உட்கார நெருப்பு பொக்கென்று அணைந்தது. அன்ரன் ரிமோட்டை எடுத்துத் திரும்ப மூட்டினான்.

"பாருங்கோ சனங்களே, சூசை அண்ணை பென்ஷனுக்குப் போற அவசரத்தில பூட்டின அடுப்பு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"கனதரம் அணையிறதோ?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும்தான். மெற்றில்டா பொரிக்கத் தொடங்கினா அணையும். அதுக்கும் அவவின்ர சமையலுக்குப் பயம் போல."

சனம் இன்னும் பெலக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பகிடி என்று நினைத்துச் சொன்னதில் முழு விஷயமும் இருந்தது. அந்த நெருப்பு பழுதாகி அணையவில்லை. "புகை திரும்புது, புகை திரும்புது" என்று அது தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு தரமும் அதன் வாயை மூடித் திரும்ப மூட்டியிருக்கிறான். கட்டைகளைப் பார்த்தேன். நெருப்பு பெரிதாகத் தெரிவதற்காக யாரோ இரண்டை நடுவுக்குத் தள்ளி நெருக்கி வைத்திருந்தார்கள். ஓரமெல்லாம் கரி.

செபம் தொடங்கிவிட்டது. செபமாலையின் முதல் பத்து மணிகளில் பாதிகூடப் போகவில்லை, அலாம் கீச்சிட்டது. அன்ரன் முழங்காலில் இருந்து எழும்பிப் போய், சுவரிலிருந்து அதைக் கழற்றி, சோபாக் குஷனுக்குக் கீழே திணித்தான். "கறிக்கு அடிக்கிறது," என்று வாயசைத்தான். எங்கள் வீடுகளில் மிளகாய் வறுத்தால் புகை அலாம் அடிக்கும். அது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அவன் திணித்தது புகை அலாம் அல்ல. நான் வைத்த நஞ்சு அலாம்.

என்னிடம் கண்ணாடி இல்லை. மூக்குக்கண்ணாடி இருந்தது. கழற்றிக்கொண்டு போய் அடுப்பு வாயின் மேல் விளிம்பில் பிடித்தேன். இரண்டு வில்லையும் ஒரேயடியாக வெள்ளையாகப் போயின.

"எழும்புங்கோ! எல்லாரும் வெளியில! இப்பவே!" என்று கத்தினேன். காஸ் வால்வைக் குனிந்து பூட்டினேன்.

நம்புவீர்களோ தெரியாது. ஒருவரும் எழும்பவில்லை. செபம் சொல்லிக்கொண்டிருந்தவர் கையைக் காட்டி, "பத்து முடியட்டும் சூசை அண்ணை. அருள் நிறைந்த மரியாயே சொல்லேக்கை நடுவில விடக்கூடாது," என்றார்.

"மாதா பொறுத்துக்கொள்ளுவா! நஞ்சு பொறுக்காது! எழும்பும் ஐசே!"

நான் அப்படிப் பேசி ஒருவரும் கண்டதில்லை. அதுதான் அவர்களை எழுப்பியது. யன்னல்களைத் திறந்தேன். சனம் தோட்டத்துக்கு இறங்கியது. சிலர் தலையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு பெண் வாசலிலேயே சத்தி எடுத்தாள். பிலிப்பு ஐயா மட்டும் கதிரையில்.

"மாமாவோ? அவர் செபமெண்டா நித்திரைதானே," என்றான் அன்ரன். அவன் இன்னும் பாதிச் சிரிப்பில் இருந்தான்.

நான் ஐயாவின் தோளைத் தட்டினேன். தலை சரிந்து மார்பில் விழுந்தது. அப்போதுதான் அன்ரனின் சிரிப்பு நின்றது. கதிரையோடு தூக்கிக்கொண்டு குளிருக்குள் ஓடினோம். அம்புலன்ஸ் வரும்வரை நான் செபித்தேன். மெற்றில்டா மாவு ஒட்டிய கையால் தகப்பனின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "அப்பா, அப்பா, கண்ணைத் திறவுங்கோ," என்று சொன்ன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தீயணைப்புக்காரர் ஹோலுக்குள் காலை வைத்ததும் அவர்களின் உடுப்பில் தொங்கிய கருவி அலறத் தொடங்கியது. யன்னல் எல்லாம் திறந்திருந்தும் அலறியது.

ஐயாவை ஆஸ்பத்திரியில் அழுத்த அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். உயிர் தப்பினார்.

அடுத்த நாள் காலை பிறவ் கெஸ்லரும் வில்ம்ஸ் மைஸ்ரரும் வந்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். மைஸ்ரர் முதலில் அடுப்பைப் பார்க்கவில்லை, குசினி யன்னலுக்குப் போனார். யன்னல் கதவில் காந்தம் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும். காந்தம் கழற்றப்பட்டால் சுவிச்சுக்கு யன்னல் எப்போதும் திறந்திருப்பது போலத்தான். அப்சூக் தன் பாட்டுக்கு ஓடும்.

நான் குசினியைச் சுற்றிப் பார்த்தேன். பிறிச் என்கிற குளிர்ப்பெட்டியின் கதவில் மாதாவின் படம் ஒன்று இருந்தது. யாத்திரைக்குப் போனபோது வாங்கிய சின்னப் படம். அதைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு சின்ன வெள்ளைத் துண்டு. என் கையால் பூட்டிய துண்டு.

பிறவ் கெஸ்லரும் அதே நேரம் கண்டா. போய் அதை இழுத்தெடுத்தா. படம் நிலத்தில் விழுந்தது. அவ குனிந்து, படத்தை எடுத்து, தன் கறுப்புச் சட்டையின் உட்பக்கத்தால் துடைத்து, மெற்றில்டாவின் கையில் கொடுத்தா. பிறகு காந்தத்தை அன்ரனின் முகத்துக்கு நேரே பிடித்து, "இது எங்கே இருக்க வேண்டியது?" என்று கேட்டா.

அன்ரன் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "எறிய மனம் வரேல்லை அண்ணை. நல்ல காந்தம்."

இதை மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மொழிபெயர்த்தேன். மைஸ்ரர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறவ் கெஸ்லர் அடுப்பைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனா. இரண்டு கிழமை கழித்து, காந்தம் யன்னலுக்குத் திரும்பிய பிறகு, கட்டைகளை அவற்றின் முளைகளில் வைத்து, திரும்பச் சோதித்துத்தான் எரிக்க விட்டா. "இதைக் கழற்றிப் போட்டுக் கண்ணாடி அடுப்பே வை தம்பி," என்று நான் மன்றாடினேன். "இனிக் கவனமா இருப்பன் அண்ணை, மாதா மேல ஆணை," என்றான்.

இப்போது புதுமைக்கு வருகிறேன். பிலிப்பு ஐயா வீட்டுக்கு வந்தார். ஆனால் முந்திய பிலிப்பு ஐயா வரவில்லை. கை நடுங்குகிறது. எந்தச் செபத்தையும் புத்தகம் பார்க்காமல் சொன்ன மனிதன் இன்று பரலோக மந்திரத்தைத் தொடங்கி, நடுவில் நின்று, எங்களைச் சுற்றிப் பார்க்கிறார். யாராவது அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். இதையா புதுமை என்கிறீர்கள்? மாதாவின் பெயரால் இதையா நன்றிப் பூசை வைத்துக் கொண்டாடுகிறீர்கள்? அந்த நெருப்பு எத்தனை நாள் அணைந்து அணைந்து சொன்னது. அலாம் கத்திச் சொன்னது. கடவுள் இதைவிட எப்படிச் சொல்வார்? வானத்தைப் பிளந்துகொண்டு வந்து யன்னலைத் திறக்க வேண்டுமோ?

நான் என் பாதுகாவலரான சூசையப்பரை நினைக்கிறேன். அவர் தச்சர். ஒரு மேசை செய்தால், கால் ஆடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்காமல், "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று கொடுத்திருப்பாரா? எங்கள் பங்கு எங்கள் கையில் இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மிச்சத்துக்கு மாதாவைக் கூப்பிடுவது செபமல்ல. அது அவவை வேலைக்காரியாக்குவது.

அன்றைக்கு நன்றிப் பூசை முடிந்து, மண்டபத்தில் அந்தக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, எல்லோரும் அன்ரன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். கோபத்தோடுதான் போனேன். போகாமல் விட்டால் ஐயா கவலைப்படுவார். கமீனில் நெருப்பு எரிந்தது. அதே கதிரையில் ஐயா, மடியில் போர்வை. தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். மெற்றில்டா றோல்ஸ் பொரிக்கிறாள். அப்சூக் இரைகிறது. யன்னல் பூட்டிக் கிடக்கிறது.

பிறிச் கதவில் மாதாவின் படம். அதே வெள்ளைத் துண்டு.

உடனே ஹோலுக்குத் திரும்பிப் போய், சனம் பார்த்துக்கொண்டிருக்கக் காஸ் வால்வைப் பூட்டினேன். "என்ன அண்ணை, குளிருதே," என்றான் அன்ரன். "குளிரட்டும்," என்றேன். குசினிக்கு வந்து, காந்தத்தை எடுத்து, படத்தை மெற்றில்டாவிடம் நீட்டினேன்.

"இண்டைக்கு மட்டும்தான் அண்ணை," என்றாள். "சனம் கனக்க. இவ்வளவு பொரியல். அந்த மனுசி இண்டைக்கு வீட்டில நிக்கிறா. திரும்பவும் மூக்கைப் பொத்திக் காட்டினா என்னால தாங்க ஏலாது."

"உன்ர அப்பா அடுத்த சொல் தெரியாமல் நிக்கிறதைத் தாங்க ஏலுமோ?"

அவள் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் வீட்டுத் திறப்புக் கோர்வையில் தொங்குகிற சின்னத் திருப்புளியை எடுத்து, காந்தத்தை யன்னலில் பழைய ஓட்டைகளிலேயே முடுக்கினேன். கடைசித் திருகாணி இறுக, அப்சூக் நின்றது. எண்ணெய்ப் புகை குசினியை மூடியது.

"மாதாவுக்கு வேறை காந்தம் நான் வாங்கித் தாறன்," என்றேன். "இப்ப யன்னலைத் திற பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு படத்தைச் சட்டைக்குள் செருகிவிட்டு, கைப்பிடியைத் திருப்பி, யன்னலை அகலத் திறந்தாள். மிளகாயும் பெருஞ்சீரகமும் பொரித்த எண்ணெயும் சேர்ந்த மணம் ஒரேயடியாக வெளியே பாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் பக்கத்து வீட்டு யன்னல் படாரென்று மூடிய சத்தம் கேட்டது. மெற்றில்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடட்டும். அவவின் வீட்டில் திறந்த நெருப்பு இல்லை.

குளிர் ஹோலுக்குள்ளும் போயிருக்க வேண்டும். கதிரையிலிருந்து பிலிப்பு ஐயாவின் குரல் வந்தது, நல்ல கோபத்தோடு, ஒரு சொல்லும் தடுமாறாமல்:

"ஆரடா இந்தக் குளிருக்கை யன்னலைத் திறந்தது?"

"நான்தான் ஐயா," என்றேன். "திறந்தபடியே கிடக்கட்டும்."